இதயத்துக்கும் ஒரு கணக்கு நோட்டு உண்டு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஆஸ்பத்திரி எக்கோ அறையில் பணிபுரியும் நம் உறுப்பினர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



என்னை மேடையில் பார்த்து உங்களுக்குப் பழக்கம் இல்லை. கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து சந்தாப் பணம் எண்ணுகிறவள் நான். குழுவில் சேர்ந்து 14 வருஷம் ஆகிறது. பகலில் எனக்கு வேறு வேலை. ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு எக்கோ எடுக்கிற அறையில் டெக்னீஷியனாக 19 வருஷமாக இருக்கிறேன். "ஆரோக்கியம் பத்தி ஏதாவது பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். கீரை சாப்பிடுங்கள், நடங்கள் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு கணக்கு. இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியே அனுப்புகிறது, எவ்வளவு திறமையாக அனுப்புகிறது என்கிற கணக்கு. அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறேன்.

நம் குழுக்களிலேயே நடந்த இரண்டு சம்பவங்களோடு தொடங்குகிறேன். சம்பந்தப்பட்ட இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். பேர் சொல்ல மாட்டேன்.

முதல் ஆள் ஒரு அக்கா. வயது 52. நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் பூப் போடுகிற குடும்பம். விடிவதற்கு முன்னாலேயே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கப் போகிறவர். ஒரு மருத்துவ முகாமில் எல்லோரோடும் சேர்ந்து அவருக்கும் எக்கோ எடுத்தார்கள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். யாரும் உட்கார வைத்து விளக்கவில்லை. ஊருக்கு வந்ததும் காலேஜ் படிக்கிற பையன் ஒருவனிடம் காட்டியிருக்கிறார். அவன் பார்த்துவிட்டு, "இ.எஃப். 60 பர்சென்ட்னு போட்டிருக்கு பெரியம்மா. அப்ப ஹார்ட்டு 60 பர்சென்ட்தான் வேலை செய்யுது. 40 போயிருச்சு" என்று சொல்லிவிட்டான்.

அன்று ராத்திரியே அக்காவுக்குப் படபடப்பு. மறுநாள் பூப்பறிக்கப் போகவில்லை. குடம் தூக்கவில்லை. பத்து நாளில் இரண்டு ஆடுகளை விற்றுவிட்டார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று குழுவில் 20,000 ரூபாய் உள்கடன் கேட்டார். தீர்மான நோட்டில் எழுதப் பேனாவையும் திறந்தாச்சு. எதற்கும் பார்ப்போமே என்று நான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தேன். வால்வு நன்றாக இருக்கிறது. சுவர் நன்றாக அசைகிறது. இ.எஃப். 60. "உங்களுக்கு முன்னாடி மூச்சு வாங்குச்சா, கால் வீங்குச்சா?" என்று கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார். "அக்கா, உங்க இதயம் நல்லா இருக்கு. நல்ல இதயத்தோட அளவே இதுதான்" என்றேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். அழுதார். அப்புறம் சிரித்தார். கடைசியில், "அப்ப என் ஆட்டை எதுக்குடி வித்தேன்?" என்று கேட்டார்.

நீங்களும் சிரிக்கிறீர்கள். ஆனால் அந்த ஆடுகள் திரும்பி வரவில்லை.

இந்த 60 என்றால் என்ன? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நோட்டு எழுதுகிற கை நம் கை, பயப்பட வேண்டாம்.

இதயத்தில் நான்கு அறைகள். அதில் இடது கீழ் அறைதான் உடம்பு முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளிவிடுகிற அறை. ரிப்போர்ட்டில் எல்.வி. என்று போட்டிருப்பது இதைத்தான். இந்த அறை விரியும்போது ரத்தம் நிறைகிறது. சுருங்கும்போது ரத்தம் வெளியேறுகிறது. அக்காவின் அறையில் 100 மில்லி நிறைந்தது என்று வையுங்கள். சுருங்கும்போது 60 மில்லி வெளியே போனது. 40 மில்லி உள்ளேயே தங்கியது. நிறைந்ததில் எத்தனை பங்கு வெளியே போனது? நூற்றுக்கு 60. அதுதான் இ.எஃப். தமிழில் வெளியேற்றப் பங்கு என்று சொல்லிக்கொள்ளலாம்.

மீதி 40 எதற்கு? அது வீணாய்ப் போனது இல்லை. நம் குழுவில் இருக்கிற பணம் முழுவதையும் கடனாகக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து வைக்கிறோமா? கையிருப்பு என்று கொஞ்சம் வைத்திருப்போம் இல்லையா? இதயமும் அப்படித்தான். ஓடும்போது, மாடி ஏறும்போது, மூட்டை தூக்கும்போது அந்தக் கையிருப்பிலிருந்து இன்னும் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும். அதனால் நல்ல இதயத்துக்கு 100 வராது. வரவும் கூடாது. பெண்களுக்கு 54 முதல் 74 வரை சாதாரண அளவு. ஆண்களுக்கு 52 முதல் 72 வரை. இது பரீட்சை மார்க் இல்லை. 62 வாங்கியவள் 58 வாங்கியவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது.

இன்னொரு கணக்கு. ஒரு துடிப்புக்கு 60 மில்லி. நிமிஷத்துக்கு 80 துடிப்பு. 60ஐ 80ஆல் பெருக்கினால் 4,800 மில்லி. அதாவது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நம் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே சுமார் 5 லிட்டர்தான். ஒரே நிமிஷத்தில் அத்தனையும் ஒரு சுற்று சுற்றி வந்துவிடுகிறது. சுழல் நிதி, சுழல் நிதி என்கிறோமே, உண்மையான சுழல் நிதி நம் ரத்தம்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7,000 லிட்டர். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் பிடித்தால் 460 குடம் வரும். குழாயடியில் நின்று 4 குடத்துக்குச் சண்டை போடுகிற நமக்குள்ளே, கையளவு தசை ஒன்று தினமும் 460 குடம் இறைத்துக்கொண்டிருக்கிறது.

ஒத்திகையின்போது ஒரு அக்கா கேட்டார்: "நெஞ்சுக்குள்ள படியை விட்டா அளந்தாங்க? எப்படித் தெரியும் 60 மில்லின்னு?" நல்ல கேள்வி. அதற்குப் பதில் கண்டுபிடிக்க உலகத்துக்கு ரொம்ப நாள் ஆனது.

1870இல் ஜெர்மனியில் அடால்ஃப் ஃபிக் என்பவர் ஒரு வழி சொன்னார். ஒரு வீடு கட்டுகிறார்கள் என்று வையுங்கள். வண்டி செங்கல் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறது. ஒரு தடவைக்கு 50 கல் இறக்குகிறது. சாயந்தரம் 250 கல் இறங்கியிருக்கிறது. வண்டி எத்தனை தடவை வந்தது? நீங்கள் பார்க்கவே இல்லை, ஆனாலும் 5 தடவை என்று சொல்லிவிடுவீர்கள். அவர் சொன்னதும் இதேதான். ரத்தம்தான் வண்டி, ஆக்சிஜன்தான் செங்கல். சும்மா படுத்திருக்கும்போது உடம்பு நிமிஷத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி ஆக்சிஜன் செலவழிக்கிறது. போகிற ரத்தத்திலும் திரும்பி வருகிற ரத்தத்திலும் ஆக்சிஜனை அளந்தால், ஒரு லிட்டர் ரத்தம் ஏறக்குறைய 50 மில்லி இறக்கியிருப்பது தெரியும். அப்படியானால் நிமிஷத்துக்கு 5 லிட்டர் ஓடியிருக்க வேண்டும்.

கணக்கு சரி. ஆனால் திரும்பி வருகிற ரத்தத்தை இதயத்துக்குள்ளிருந்து எடுப்பது எப்படி? 1929இல், அதே ஜெர்மனியில், வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற இளம் டாக்டர் கைநரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயம் வரை விட முடியும் என்றார். மேலதிகாரி கூடாது என்றார். ஆபரேஷன் அறையின் சாமான்கள் ஒரு நர்சம்மாவின் பொறுப்பில் இருந்தன. அந்த அம்மா, "என் கையில் செய்து பாருங்கள்" என்று முன்வந்தார். டாக்டர் அவரை மேசையில் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, குழாயைத் தன் கையிலேயே செலுத்திக்கொண்டார். அந்தக் குழாயோடு நடந்தே போய் எக்ஸ்ரே எடுத்தார். குழாயின் நுனி இதயத்துக்குள் இருந்தது. பிற்பாடு அமெரிக்காவில் கூர்நாண்ட், ரிச்சர்ட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அந்த வழியில் நோயாளிகளின் இதயத்தை அளந்தார்கள். 1956இல் மூன்று பேருக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள். கையை நீட்டிக்கொண்டு படுத்த அந்த நர்சம்மாவையும் நாம் நினைத்துக்கொள்வோம்.

நான் பிடிக்கிற கருவியின் கதை வேறு. 1953இல் ஸ்வீடன் நாட்டில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் கப்பல் கட்டும் பட்டறையிலிருந்து ஒரு மிஷினை இரவல் வாங்கி வந்தார்கள். இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பிப் பார்க்கிற மிஷின் அது. அதை நெஞ்சில் வைத்துப் பார்த்தால் இதயம் அசைவது தெரிந்தது. காதுக்குக் கேட்காத ஒலி உள்ளே போய், சுவரில் பட்டு, திரும்பி வருகிறது. மலைக்கு எதிரே நின்று கூப்பிட்டால் எதிரொலி வருமே, அதுதான் எக்கோ.

இன்றைக்கு எக்கோ எடுப்பது இவ்வளவுதான். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். நெஞ்சில் ஒரு பசை தடவுவார்கள், குளிர்ச்சியாக இருக்கும். கையடக்கமான கருவியை வைத்து அழுத்திப் பார்ப்போம். ஊசி இல்லை. கதிர்வீச்சு இல்லை. வெறும் வயிற்றோடு வர வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் எடுக்கலாம். அறை விரிந்திருக்கும்போது அதன் ஓரத்தைத் திரையில் கோடு போட்டு எடுப்போம், சுருங்கும்போது இன்னொரு தடவை எடுப்போம். வாழைக்காயை வட்ட வட்டமாகச் சீவுகிற மாதிரி மிஷின் அந்த அறையைச் சீவி, ஒவ்வொரு வட்டத்தின் கொள்ளளவையும் கூட்டிச் சொல்லும். விரிந்தபோது எவ்வளவு, சுருங்கியபோது எவ்வளவு, வித்தியாசம் எவ்வளவு. நம் இருப்புக் கணக்கு மாதிரியே.

திரையில் சிவப்பும் நீலமும் தெரியும். "நீலம் கெட்ட ரத்தமா?" என்று கேட்காதவர்கள் குறைவு. இல்லை. கருவியை நோக்கி வருகிற ரத்தத்துக்குச் சிவப்பு, விலகிப் போகிற ரத்தத்துக்கு நீலம். அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நெஞ்சைத் திறந்து காட்டணுமே என்று கூச்சப்பட்டு எக்கோவுக்கு வராமலே இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். எடுக்கிறவர் ஆணாக இருந்தால், கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். போர்வை கேட்கலாம். கேட்பது தப்பே இல்லை.

இப்போது இரண்டாவது சம்பவம். சொல்வதற்கு எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. இதில் என் தப்பும் இருக்கிறது.

எங்கள் குழுவில் ஒரு தங்கச்சி. வயது 27. இரண்டாவது பிரசவம் ஆகி ஒன்றரை மாசம். கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வந்தாள். முகம் ஊதியிருந்தது. திண்ணையில் ஏறி உட்கார்ந்ததற்கே மூச்சு வாங்கினாள். "பிள்ளை பெத்த உடம்பு, ராத்திரி தூக்கம் இல்லை, அதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 19 வருஷம் இதயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறவள் நான், எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டம் பதினைந்து நாள் கழித்து. வரவு செலவைப் படிக்கிறது அவள் வேலை. "போன மாச வசூல் பன்னிரண்டாயிரத்து..." என்று நிறுத்தினாள். மூச்சு இழுத்தாள். "நானூத்தி..." என்றாள். மறுபடி நிறுத்தினாள். ஒரு தொகையை ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. நோட்டை வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன்.

"ராத்திரி எப்படித் தூங்குற?"

"படுத்தா இருமல் வருதுக்கா. சுவத்துல சாஞ்சு உக்காந்தபடிதான் தூங்குறேன். சளின்னு அம்மா கசாயம் வச்சுக் குடுக்குறாங்க."

"கால் வீங்குதா?"

"கொலுசு ஏற மாட்டேங்குது. கழட்டி வச்சுட்டேன்."

கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. அப்போதே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டர் பார்த்துவிட்டு எக்கோ எழுதினார். நான்தான் எடுத்தேன், டாக்டர் உறுதி செய்தார். விரிந்தபோது 160 மில்லி. சுருங்கியபோது 115 மில்லி. வெளியே போனது 45. நூற்றுக்கு 28.

நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 110. இப்போது பெருக்கிப் பாருங்கள். 45ஐ 110ஆல் பெருக்கினால் 4,950. பூக்கார அக்காவின் நல்ல இதயம் நிமிஷத்துக்கு 4,800. இவளுடைய நோயுற்ற இதயம் 4,950.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மொத்தத் தொகை ஒன்றுதான், ஆனால் அதைச் சம்பாதித்த விதம் வேறு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத்தான் தள்ள முடிகிறது என்பதால் அந்த இதயம் தன்னைப் பெரிதாக்கிக்கொண்டு, வேகவேகமாகத் துடித்துக் கணக்கை நேர் செய்துகொண்டிருந்தது. நிற்க நேரமில்லாமல் ஓடி, வீட்டுக்கு ஒரு குறையும் தெரியாமல் சமாளித்து, உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிற பெண்கள் மாதிரி. வெளியே பார்த்தால், "அவளுக்கு என்ன, நல்லாத்தானே இருக்கா" என்றுதான் தோன்றும். ஆனால் கையிருப்பு தீர்ந்துவிட்டது. திண்ணை ஏறக்கூட மேல்கொண்டு எடுத்துக் கொடுக்க முடியாது. முன்னே போக முடியாத ரத்தம் பின்னே நுரையீரலில் தேங்குகிறது. அதனால் படுத்தால் இருமல், மூச்சுத் திணறல். உடம்பில் நீர் கோத்துக் கால் வீங்குகிறது.

பிரசவத்தை ஒட்டி வருகிற இதயத் தசைப் பலவீனம் இது. டாக்டர்கள் பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்பார்கள். பிரசவத்துக்கு முந்தின கடைசி மாதத்திலோ, பிரசவமான சில மாதங்களுக்குள்ளோ வரும். அதற்கு முன் இதய நோயே இல்லாதவர்களுக்கும் வரும். அடிக்கடி வருகிற நோய் இல்லை. ஆனால் வந்தால் உயிரைக் குடித்துவிடும். பிரசவ அசதி மாதிரியே இருப்பதால்தான் தவறவிடுகிறோம். சரியான நேரத்தில் மருந்து தொடங்கினால் நிறையப் பேருக்கு இதயம் தேறிவிடுகிறது. எங்கள் தங்கச்சிக்கு ஆறு மாதத்தில் 50 வந்தது. இப்போது 56. மாத்திரை இன்னும் சாப்பிடுகிறாள். "இனி அடுத்த பிள்ளை வேண்டாம்" என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார், ஏனென்றால் அடுத்த பிரசவத்தில் இதயம் மறுபடி பலவீனப்படலாம். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. குழுவில் ஆறு பேர் போய்ப் பேசினோம். ஒத்துக்கொண்டார்.

அந்தப் பதினைந்து நாளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் தூக்கம் வருவதில்லை. அவள் பிழைத்துக்கொண்டாள். பிழைக்காமல் போயிருந்தால் அந்த முதல் கூட்டத்தில் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அக்கா தங்கச்சிமாரே, ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். 60 என்று பார்த்ததும் எல்லாம் சரி என்றும் முடிவு கட்டக் கூடாது. பர்சென்ட் வேறு, தொகை வேறு. வட்டி விகிதம் ஒன்றாக இருந்தாலும் அசல் குறைந்தால் வட்டித் தொகை குறையும் இல்லையா? ரொம்ப வருஷம் பிரஷர், சுகர் இருந்தால் இதயத் தசை விறைத்துப்போகும். சரியாக விரியாது. 100 நிறைய வேண்டிய இடத்தில் 70தான் நிறையும். அதில் 60 பர்சென்ட் என்றால் 42 மில்லிதான். ரிப்போர்ட்டில் இ.எஃப். அழகாக இருக்கும், ஆளுக்கு மூச்சு வாங்கும். வயதான பெண்களிடம் இது அதிகம் பார்க்கிறோம். அதேபோல் சின்ன வயதில் மூட்டு வலியும் காய்ச்சலும் வந்து அதனால் வால்வு சுருங்கியவர்களுக்கும் இ.எஃப். நன்றாகவே இருக்கலாம். அதனால் எண் நன்றாக இருந்து மூச்சு நன்றாக இல்லை என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும். மறுபடி டாக்டரிடம் போக வேண்டும்.

ரிப்போர்ட்டில் இ.எஃப். 41 முதல் 49 வரை என்றால் லேசாகக் குறைவு. 40ம் அதற்குக் கீழும் என்றால் குறைவு. 50, 52 என்று நடுவில் வந்தால் டாக்டர் மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்த்துச் சொல்வார். போன தடவை 60, இந்தத் தடவை 57 என்றால் பதற வேண்டாம். எடுக்கிற கை மாறினால், மிஷின் மாறினால் அந்த அளவு வித்தியாசம் வரும். அதனால்தான் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அந்த மருந்துகளில் சில இதயத்தைப் பலவீனப்படுத்தும் என்பதால் முதலிலும் இடையிலும் எக்கோ எடுப்பார்கள். "நெஞ்சுவலி இல்லையே, எதுக்கு" என்று விட்டுவிடாதீர்கள்.

ரத்த சோகையையும் இந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். செங்கல் வண்டியை நினைவிருக்கிறதா? ரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால், வண்டியில் ஏற்றுகிற கல் குறைந்துபோகும். ஆனால் வீட்டுக்கு வேண்டிய கல் அதே 250தான். அப்படியானால் வண்டி கூடுதல் தடவை ஓடணும். அந்த ஓட்டம் இதயத்தின் தலையில்தான் விழும். கர்ப்ப காலத்தில் சாதாரணமாகவே இதயம் 30 முதல் 50 பர்சென்ட் வரை கூடுதலாக ரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது. 5 லிட்டருக்குப் பதில் 7 லிட்டர் என்று வையுங்கள். அதன் மேல் ரத்த சோகையும் சேர்ந்தால்? ஆஸ்பத்திரியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

கடைசியாக, கூட்டமைப்புக்கு என் வேண்டுகோள். நம் குழுப் பெண்களில் சிலர் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்களாக வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் நாம் ஒவ்வொருவரும் மாசம் இரண்டு தடவை வட்டமாக உட்காருகிறோம். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கிறோம். சந்தா வாங்கும்போதே கர்ப்பிணிகளிடமும், பிள்ளை பெற்று ஆறு மாசம் ஆகாதவர்களிடமும், பிரஷர், சுகர் இருக்கிறவர்களிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று, ராத்திரி நிமிர்ந்து படுத்துத் தூங்க முடிகிறதா, இல்லை தலையணை அடுக்க வேண்டியிருக்கிறதா?

இரண்டு, போன மாசம் முடிந்த வேலைக்கு இந்த மாசம் மூச்சு வாங்குகிறதா?

மூன்று, கொலுசு, மெட்டி, செருப்பு இறுகுகிறதா? அழுத்தினால் குழி நிற்கிறதா? இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ எடை கூடியதா?

இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலும் அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். டாக்டரிடம் அனுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினால் 108ஐக் கூப்பிடுங்கள். எக்கோ எடுத்தால், "டாக்டர், என் இ.எஃப். எவ்வளவு? வால்வு சரியா இருக்கா? மறுபடி எப்ப எடுக்கணும்?" என்று கேட்டு, அந்தப் பதிலை நோட்டில் எழுதி வாங்கி வாருங்கள். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்த நாம், இன்றைக்குப் பாங்க் மேனேஜரிடம் போய், "வட்டி ஏன் கூடப் போட்டிருக்கீங்க?" என்று கேட்கிறோம். ரிப்போர்ட்டில் இருக்கிற இரண்டு எழுத்தைக் கேட்பதற்கு நமக்கு என்ன பயம்?

அந்தப் பூக்கார அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். குழுக் கடனில் ஒரு ஆடு வாங்கினார், அது இரண்டு குட்டி போட்டிருக்கிறது. தங்கச்சியும் வந்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் கூட்டமைப்பின் வருஷ அறிக்கையை இந்த மேடையில் படித்தது அவள்தான். எல்லாத் தொகையையும் ஒரே மூச்சில் படித்தாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.